ஒன்பதாம் வருடத்தில் குளிரும் குளம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்த வேகத்தில் போய்விடும் என்று சிலர் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சலுகையும் கிடையாது. வந்த கோபம் விருந்தாளிபோல் தங்கி, சாப்பிட்டு, தூங்கி எழுந்துதான் போகும். அந்த ஆயுத பூஜைக்கு வந்த கோபம் புனேயில் எங்கள் தாபோடி வீட்டில் தீபாவளி நெருங்கும்வரை தங்கியது. அது என் அப்பாமேல் வந்த கோபம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. கர்வே ரோடுக்குப் பின்னால் ஒரு மாடியில் இயங்கிய சின்ன நிறுவனத்தில் நான் வேலையில் இருந்தேன். பூமிக்கடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எடுத்தால் என்ன ஆகும் என்று அரசு அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். முதலாளி ஒரு மராத்திக்காரர், புவியியல் படித்தவர். நாங்கள் சார் என்போம். கல்லைக் கண்டால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். மனிதர்களிடம் அவ்வளவு ஆர்வம் காட்டியதில்லை.

மலையைத் தாண்டி, கொங்கணத்துப் பக்கம் ஒரு கிராமம். அங்கே மழைக்காலத்தில் ஊரே மிதக்கும். ஹோலி கழிந்ததும் கிணறுகள் வற்றி, டேங்கர் எப்போது வரும் என்று குடங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், அதே ஊரின் நடுவில் ஒரு சுடுநீர்க் குளம். பூமிக்கடியிலிருந்து வருடம் முழுக்க ஊறிக்கொண்டே இருக்கும், கை வைத்தால் பொறுக்காது. அந்தச் சுடுநீரையே ஆழ்துளைக் கிணறு போட்டுக் கோடை மாதங்களில் மட்டும் எடுத்து, தொட்டியில் ஆறவைத்து, குழாய் வழியே வீடுகளுக்கு விட்டால் என்ன என்று ஒரு திட்டம் வந்தது. குடிக்கலாம் என்று பரிசோதனையில் வந்திருந்தது. காற்றாட விட்டால் கந்தக வாடையும் போய்விடும்.

ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. கீழிருந்து தண்ணீரை எடுத்தால் மேலே இருக்கும் குளம் என்ன ஆகும்?

அது சாமி சமாச்சாரம் மட்டுமில்லை. தோல் வியாதிக்காரர்களும் முழங்கால் வலிக்காரர்களும் எங்கெங்கிருந்தோ வந்து அந்தக் குளத்தில் முங்குவார்கள். அவர்களை நம்பித் தேங்காய்க்கடை, டீக்கடை, தங்க அறை என்று பாதி ஊர் பிழைத்தது. ஊரின் சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர், ஒரு பெண். பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஜெயித்து வந்தவர், என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் தாயி என்பேன். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். அவருடைய கணவர் மும்பையில் எங்கோ வேலை பார்த்தார். பணம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. குளத்துப் படிக்கட்டின் பக்கத்தில் தாயி நடத்திய டீக்கடைதான் வீட்டுக்கு அடுப்பெரித்தது. குளம் ஆறிப்போனால் முதலில் போவது அந்தக் கடை. தண்ணீர் வராவிட்டால் இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் இன்னும் இரண்டு வருடத்தில் பள்ளியை விட்டுவிட்டுக் குடத்தோடு ஆற்றுக்குப் போக வேண்டும். மூத்த பெண் ஏற்கெனவே அப்படித்தான் நின்றுபோனாள்.

இதை நான் அந்த ஊருக்கு அளவெடுக்கப் போனபோது, டீ ஊற்றிக்கொண்டே தாயி சொன்னார். அவரும் நானும் பேசியது மராத்தியில், அதை என் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன்.

"ரெண்டும் வேணும் மேடம். ஒண்ணுதான் கெடைக்கும்னா, எதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க."

அதைச் சொல்வதற்குத்தான் என் கணக்கு. பூமியின் அந்தத் துண்டை பர்பி வெட்டுவதுபோல் மனதுக்குள் சதுரம் சதுரமாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சூடு, பக்கத்துத் துண்டுக்குக் கொடுக்குமா கொடுக்காதா என்று எழுத வேண்டும். பிறகு கம்ப்யூட்டர் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக விசாரித்து, கொஞ்சம் காலத்தை நகர்த்தி, மறுபடியும் முதலிலிருந்து விசாரிக்கும். பதினைந்து வருடத்துக்கு இப்படி ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அது வாரக்கணக்கில் வேலை. எங்கள் அலுவலகத்திலோ வியாழக்கிழமை வந்தால் மின்சாரம் போய்விடும். தாபோடியில் எங்கள் தெருவுக்கு ராணுவப் பகுதியின் லைனிலிருந்து கரண்ட் வந்ததால் அது அவ்வளவு லேசில் போகாது. அதனால் சார் ஒரு கம்ப்யூட்டரைப் பழைய போர்வையில் சுற்றி ரிக்‌ஷாவில் ஏற்றி என் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அம்மா என் தங்கையின் பிரசவத்துக்காக வேலூர் போயிருந்தார். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். புனேயில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தும் அவருடைய வேலூர்த் தமிழ் கலையவில்லை, இந்தி அதில் தாளித்துக் கொட்டியதுபோல் ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டரை முதலில் அவர் மதிக்கவே இல்லை. "ஏட்டுச் சுரைக்கா கறிக்கு உதவாதும்மா. தண்ணி கீதா இல்லியான்னு தோண்டிப் பாத்தா தெரியப் போவுது" என்றார். ஆனால் அது இரவும் பகலும் நிற்காமல் உறுமிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அதன்மேல் ஒரு இரக்கம் வந்துவிட்டது. தொட்டுப் பார்த்து, "ஒடம்பு சுடுதே" என்பார். டேபிள் ஃபேனைத் தன் கட்டிலிலிருந்து எடுத்து அதன் பக்கம் திருப்பி வைத்தார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அந்த ஃபேன் இடம் மாறியதில்லை.

ஆயுத பூஜை அன்று காலை நான் பொரி, கடலை, வாழைப்பழம் வாங்க கடைத்தெருவுக்குப் போனேன். அப்பா பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய வெர்னியர் அளவுகோல், ஸ்பேனர்கள், சைக்கிள், என் கல்லூரிப் புத்தகங்கள். நான் திரும்பி வந்தபோது வீடு வித்தியாசமாக இருந்தது. என்னவென்று சட்டென்று பிடிபடவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, உறுமல் சத்தம் இல்லை. கம்ப்யூட்டரின் கறுத்த திரையில் சந்தனம், அதன் மேல் குங்குமம். தலையில் சாமந்தி மாலை.

"இன்னாப்பா பண்ணி வெச்சிருக்க?"

"பந்த் பண்ணேன். பின்ன? லேத்துக்கே ஃபேக்டரில அன்னிக்கி ரெஸ்ட் உண்டு. இது பாவம், எத்தினி நாளா ஓடுது. சரசுவதி பூஜ அன்னிக்கிமா வேல வாங்குவாங்க?"

"அது ஓடிக்கினு இருந்துதுப்பா!"

"இன்னா இப்போ? நாளிக்கி புனர்பூஜ முடிச்சி ஆன் பண்ணா, உட்ட எடத்துலேர்ந்து ஓடப்போவுது."

லேத் மெஷின் அப்படித்தான். பாதி கடைந்த இரும்பு மறுநாளும் பாதி கடைந்தபடியே காத்திருக்கும். என் கணக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு வருடத்தின் முடிவையும் எழுதி வைத்துக்கொண்டு போகுமே தவிர, நின்ற இடத்தில் மறுபடி பிடித்துக்கொண்டு ஓட அதற்குத் தெரியாது, முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். தொடக்க வருடங்களுக்குத்தான் நேரம் பிடிக்கும், மீதி சில நாளில் ஓடி முடிந்திருக்கும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான். தசரா முடிந்த கையோடு அரசு அலுவலகத்தில் கூட்டம். அதற்குள் இன்னொரு முறை ஓட்டி முடிக்க வழியே இல்லை. அதைத் தவறவிட்டால் திட்டம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும், போனது திரும்பி வருமா என்று யாருக்கும் தெரியாது.

நான் மாலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அன்றைக்கே, பூஜை நாளென்றும் பார்க்காமல் மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டேன். அப்பா பொரியைச் சாப்பிடாமல் வெளியே போய் சைக்கிளைத் துடைத்தார், ஏற்கெனவே துடைத்த சைக்கிளை.

என் கையில் மிஞ்சியது முதல் ஆறு வருடங்களின் கணக்கு. ஆறு வருடத்தில் குளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்தில் அதை அப்படியே சொன்னேன். "ஆறு வருடம்வரை குளம் தாங்கும். அதற்குமேல் எனக்குத் தெரியாது, கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது." முதல் வாக்கியத்துக்குத் தலைகள் ஆடின. இரண்டாவது வாக்கியத்தின்போது சமோசா வந்துவிட்டது. பெரிய அதிகாரி, ஆறு வருடத்துக்குள் கட்டப்போகும் அணையிலிருந்து தண்ணீர் வந்துவிடும், இது போதும் என்றார். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. கடைசி வரிசையில் தலையில் முந்தானையோடு உட்கார்ந்திருந்த தாயி இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது ஓட்டம் தீபாவளிக்கு முன்னால் முடிந்தது. இந்த முறை அப்பா அதற்குக் காவல் இருந்தார். மிக்ஸியைப் போட விடவில்லை, கரண்டு ஏறி இறங்குமாம். சட்னியை அம்மியில் அரைத்தேன். நான் அவரோடு அப்போதும் பேசவில்லை. அவரும் கம்ப்யூட்டரிடம்தான் பேசினார்.

முடிவைத் திரையில் வண்ணப்படமாகப் போட்டுப் பார்த்தேன். சூடு சிவப்பு, குளிர்ச்சி நீலம். எட்டாவது வருடம்வரை குளம் சிவப்பு. ஒன்பதாவது வருடத்தில் ஆற்றுப் பக்கத்துக் குளிர்ந்த தண்ணீர் பாறை இடுக்கு வழியே வந்து சேர்ந்துவிடுகிறது. மஞ்சள். அதற்குப் பிறகு வருடத்துக்கு வருடம் வெளிறிக்கொண்டே போகிறது. சாரிடம் சொன்னேன். அனுப்பத்தான் வேண்டும் என்றார், அதில் அவர் நேர்மையானவர். அனுப்பினால் கோப்பை மூடிவிடுவார்கள் என்றும் சொன்னார்.

அந்த வாரம்தான் தாயி உத்தரவின் நகலை வாங்க எஸ்.டி. என்கிற அரசு பஸ்ஸில் புனேக்கு வந்தார். அவரிடம் முதலில் சொல்லாமல் எதையும் அனுப்பக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அப்பா டீ போட்டார். தாயி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரையின் முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடியில் சந்தனக் கறை இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை. அதைப் பார்த்துத் தன்னிச்சையாகக் கும்பிட்டுக்கொண்டார்.

வருடம் வருடமாகத் தள்ளிக் காட்டினேன். இது ஆற்றங்கரை, இது கோயில், இது உங்கள் கடை. ஒன்பதாவது வருடத்தில் நிறுத்தினேன். அவர் நிறத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"மீட்டிங்ல இதைக் காட்டலையே?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் டீ வடிகட்டியைக் கையில் பிடித்தபடி, தனக்குத் தெரிந்த மராத்தியில், மெஷினை நிறுத்தியது தான்தான் என்று சொல்லிவிட்டார். காரணத்தையும் சொன்னார். ஆயுத பூஜை, ஓய்வு, லேத், எல்லாவற்றையும். சொல்லிவிட்டு, "தப்பாப் போச்சி" என்று தமிழில் முடித்தார்.

தாயி அப்பாவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அப்பாவை அவர் கூப்பிட்டது காகா, அதாவது சித்தப்பா, என்று.

"நல்லதாப் போச்சு காகா. இந்த மஞ்சளை அன்னிக்கிப் பாத்திருந்தா, கொளத்தைக் காப்பாத்துவோம்னு சொல்லிட்டுப் பெரிய அதிகாரிங்க எழுந்து போயிருப்பாங்க. எங்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணி வந்திருக்காது."

அப்பாவுக்கு முகம் எப்படி மலர்ந்தது என்று எழுத எனக்கு இன்னும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. வீட்டில் விருந்தாளியாக இருந்த என் கோபம் அன்றைக்குத்தான் மூட்டை கட்டியது.

தாயி ஒன்று கேட்டார். இந்தக் கணக்கை அனுப்புவதற்கு முன் ஊர்ச் சபையில் வைக்க வேண்டும். ஊர் சம்மதித்துத் தீர்மானம் போட்டால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், பிறகு யாரும் கோப்பை மூட முடியாது. ஊர் வேண்டாம் என்றால் அவரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார். "உங்க கடை?" என்றேன். "ஒம்பது வருஷத்துல எம்பொண்ணு படிச்சு முடிச்சிடுவா" என்றார்.

சபை பள்ளிக்கூடத்தில் கூடியது. வண்ணப்படங்களைச் சுவரில் ஒட்டி, எனக்குத் தெரிந்த மராத்தியில் நிதானமாகச் சொன்னேன். தண்ணீர் வரும், ஆனால் ஒன்பதாவது வருடத்தில் குளம் ஆறத் தொடங்கும். தேங்காய்க்கடைக்காரர்கள், அறை வாடகைக்கு விடுகிறவர்கள், பூசாரி எல்லோரும் இருந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. ஓரிருவர் படத்தின் அருகில் வந்து தங்கள் வீட்டைத் தேடினார்கள். தாயி, சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவருடைய கைதான் கடைசி, மெதுவாக.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன வரும் என்று தெரிந்து, பிழைப்பே போகும் என்று தெரிந்து, பிள்ளைகளின் தண்ணீருக்காக ஒரு ஊரே துணிந்து முடிவெடுத்திருக்கிறது. என் கணக்கு அவர்கள் கையில் ஒரு விளக்கைக் கொடுத்திருக்கிறது என்று நினைத்தேன். அந்த வயதில் இப்படியெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கணக்கும் தீர்மானமும் சேர்ந்தே போயின, கோப்பு மூடப்படவில்லை. அடுத்த கோடையிலிருந்து அந்த ஊரில் குழாயில் தண்ணீர் வந்தது. மாலையில் பிடித்து வைத்தால் காலையில் குடிக்க ஆறியிருக்குமாம். டேங்கர் நின்றது. எங்கள் நிறுவனமும் நின்றது. சாருக்கு உடம்பு முடியவில்லை, நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போனோம். நான் கராடியில் ஒரு ஐ.டி. பார்க்கில் காப்பீட்டு நிறுவனத்துக்கு புரோகிராம் எழுதப் போனேன். அங்கே என் மேசையைச் சுற்றி ஒரே தமிழ்ப் பிள்ளைகள், கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்கள். அக்கா, இதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க என்று கேட்பார்கள். வெந்நீர் போட்டேன் என்பேன். கம்ப்யூட்டரில் பாறையைச் சுட வைத்த கதையை விளக்குவதற்குள் கேன்டீனில் தோசை தீர்ந்துவிடும்.

ஆனால் வருடங்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஆறு கழிந்தது. அணைத் தண்ணீர் வரவில்லை என்று கேள்விப்பட்டேன், நான் எதிர்பார்க்கவும் இல்லை. எட்டு கழிந்தது. ஒன்பதாவது வருடம் வந்தபோது தாயிக்குப் போன் செய்ய எடுத்து எடுத்து வைத்தேன். என்ன கேட்பது? உங்கள் பிழைப்பு போய்விட்டதா, நான் சொன்னபடியே நடந்ததா என்றா? பயமாக இருந்தது. கேட்கவே இல்லை.

பத்தாவதோ பதினொன்றாவதோ வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தாயியே தாபோடி வீட்டு வாசலில் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் உயரமாக ஒரு பெண். இரண்டாம் வகுப்பில் இருந்த அந்த மகள்தான். புனேயில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, விடுதியில் சேர்க்க வந்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெண்ணைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அவள் சங்கடத்தோடு என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். என் அம்மா அவளை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தட்டில் எதையெதையோ போட்டுக் கொடுத்தார்.

எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. அப்பாதான் தன் மராத்தியில் கேட்டார், குளம் எப்படி இருக்கிறது என்று.

"அப்பிடியேதான் இருக்கு காகா. இன்னிக்கும் கை வைக்க முடியாது."

தன் கணக்கு பொய்த்துப்போனதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் உலகத்தில் இருந்திருக்க முடியாது. கீழே நான் அறியாத இன்னொரு வெடிப்பு இருந்திருக்கும், இன்னும் ஆழத்திலிருந்து சூடு வந்திருக்கும். பூமி என் பர்பித் துண்டுகளைக் கேட்டுக்கொண்டா நடக்கும்? தண்ணீரும் கிடைத்தது, குளமும் பிழைத்தது. "ரெண்டும் கெடைச்சிடுச்சே தாயி!" என்று கத்தியேவிட்டேன்.

"கெடைச்சிடுச்சு" என்று அவரும் சிரித்தார்.

"கடையில இப்ப யாரு இருக்கா? விட்டுட்டா வந்தீங்க?"

"கடை இல்ல மேடம். எட்டாவது வருஷம் முடியறப்பவே வித்துட்டேன். ஆறின கொளத்துப் பக்கத்துல கடையை யாரு வாங்குவாங்க? சூடு இருக்கறப்பவே குடுத்துடணும்ல. வாங்கினவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லித்தான் குடுத்தேன், ஏமாத்தல. அவன் சிரிச்சான். இப்ப மேல ஒரு மாடி கட்டியிருக்கான். நான் பள்ளிக்கூடத்துல மதியச் சாப்பாடு சமைக்கிறேன். ஒரு கொறையும் இல்ல."

குறை சொல்லும் குரல் அது இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மற்றவர்கள், தேங்காய்க்கடை, அறைகள், என்று தடுமாறிக் கேட்டேன். யாரும் எதையும் விற்கவில்லை என்றார்.

"ஆனா அன்னிக்கி எல்லாரும் கை தூக்கினாங்களே!"

தாயி டீ சாஸரைக் கீழே வைத்தார். சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"தூக்கினாங்க. கொளம் ஆறும்னு யாரும் நம்பல. தண்ணி வந்தாச் சரின்னு தூக்கினாங்க. நான் ஒருத்திதான் நீங்க சொன்னதை நம்பித் தூக்கினேன்."